மடிப்புக்குள் மூன்றாவது ஷட்டர்

நாலே நாலு வரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொண்டே இடது கையால் இலக்கியா கணினியில் தட்டிய வரிகள். அதற்காக நீர்க்காப்பு வாரியம் அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களையெல்லாம் நிற்க வைத்துக் காட்டுவாள். இந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த நாலு வரிகளைப் பதினாறு தடவை திறந்து பார்த்துவிட்டாள் இலக்கியா. ஒரு தப்பும் இல்லை. பதினாறு தடவையும் சரியாகவே இருந்தன. அதுதான் அவளை உட்கார விடவில்லை.

எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

பக்கச் சட்டம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது, பதிவுத் தபால் அனுப்புவது, ‘எனக்குத் தகவலே வரலீங்க’ என்று கோர்ட்டில் போய்க் கையைப் பிசைவது என எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்தது. அரசு முத்திரையோடு வெளியான இணையப் பக்கத்தில் ஒன்று இருந்தால், அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல்லப்பட்டதாக அர்த்தம். இல்லையென்றால் சொல்லப்படவே இல்லை என்று அர்த்தம். படித்தாயா, புரிந்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு வசதியான சட்டம் பாருங்கள், எழுதியவர்களுக்கு.

வாரியத்துக்கு மட்டும் நாற்பத்தோராயிரம் பக்கங்கள். அணைக்கு ஒன்று, மதகுக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று. ஊர் ஊராகப் போகும் பொறியாளர்கள் சாதாரண எழுத்தில் குறிப்பு எழுதி அனுப்புவார்கள்; தலைப்புக்கு ஒரு குறி, அழுத்திச் சொல்ல ஒரு குறி, மேற்கோளுக்கு வரியின் தொடக்கத்தில் ஒரு கூர்முனைக் குறி. திருச்சி தலைமையகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் இயந்திரம் அந்தக் கோப்புகளை மொத்தமாக எடுத்து, எச்.டி.எம்.எல். பக்கங்களாக்கி, முத்திரை வைத்து வெளியே தள்ளும். இதற்கு பில்ட் போடுவது என்று பெயர். எந்தக் குறி எந்த முகத்தோடு வெளியே வர வேண்டும் என்பதில் இயந்திரத்துக்குச் சொந்தமாக ஒரு வழக்கம் உண்டு. அது நமக்குப் பிடிக்கவில்லையென்றால், அந்தக் குறிக்கென்று சின்னதாக ஒரு டெம்ப்ளேட் எழுதி வைத்தால் போதும். தன் வழக்கத்தை விட்டுவிட்டு நாம் சொன்னபடி செய்யும். அந்த டெம்ப்ளேட்டுகள்தான் இலக்கியாவின் வேலை. அப்படியொன்று இருப்பதே சட்டத்துக்குத் தெரியாது.

பொறியாளர்களுக்கு ஒரு பழக்கம். மீட்டர் வைத்து அளந்ததை நேராக எழுதுவார்கள். ஊர்க்காரர் வாயால் சொன்னதைக் கூர்முனைக் குறி போட்டு மேற்கோளாக எழுதுவார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ‘நான் சொல்லலை, அவர் சொன்னார்’ என்று தப்பித்துக்கொள்ளலாம். இதனால் பக்கங்கள் முழுக்க மேற்கோள்களாக வளர்ந்துகொண்டே போயின. மதகைத் திறந்து மூடும் லஸ்கர்கள் வேலைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் காதில் மாட்டும் ரீடரில் கேட்டாக வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் ஓட நாற்பது நிமிடம் ஆகிறது, தண்ணீர் நமக்காகக் காத்திருக்குமா என்று அவர்கள் கத்தினார்கள். அப்போதுதான் இலக்கியா மேற்கோள் குறிக்கு நாலு வரி எழுதினாள். மேற்கோள்களெல்லாம் ‘பிறர் கூறியவை’ என்ற ஒரு குட்டி முக்கோணத்துக்குள் மடிந்துகொண்டன. திரையில் முக்கோணத்தை அழுத்தினால் விரியும். ரீடர் விரிந்திருப்பதை மட்டும் படிக்கும். நாற்பது நிமிடம் பதினொரு நிமிடமானது. ஆஹா என்றார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை கொற்றனூர் தடுப்பணையில் வெள்ளம். வீரமணி என்ற லஸ்கர் அங்கே மாற்றலாகி வந்து மூன்றே நாள். விதிப்படி பக்கத்தைக் கேட்டுவிட்டு மூன்றாவது ஷட்டரை முழுசாகத் தூக்கினார். முக்கால் உயரத்தில் அது நின்றது, நடுங்கியது, சங்கிலி அறுந்து கோணிக்கொண்டது. தண்ணீர் இடது கரையை உடைத்துக்கொண்டு வயலில் பாய்ந்தது. நடவில் இருந்த ஏழு பெண்கள் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

கொற்றனூர் பக்கத்தில், முக்கோணத்துக்குள், இருபத்திரண்டு நாளுக்கு முந்தைய தேதியில் ஒரு மேற்கோள் இருந்தது. ஊர்க்காரர் சொன்னதைப் பொறியாளர் சொன்னபடியே எழுதியிருந்தார்.

‘மலர்க்கொடி, வலை போடுபவர்: மூணாவது ஷட்டர முக்காலுக்கு மேல தூக்குனா நடுங்குது. நான் கீழதான் வலை போடுறேன், சங்கிலி வழுக்குற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குது. அதத் தூக்காதீங்க.’

பதினேழாவது தடவையாக அந்த நாலு வரிகளைத் திறந்தபோது ஜெபராஜ் கூப்பிட்டார். பிரிவுத் தலைவர், ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“உக்காரும்மா. சாப்ட்டியா?”

“ஆச்சு சார்” என்று பொய் சொன்னாள்.

“இந்த மேற்கோள் மடிப்ப எடுத்துடலாம். எல்லாம் வெளிய தெரியட்டும், ரீடர்ல கேக்கட்டும். நாப்பது நிமிஷம் ஆனா ஆகட்டும். புதன்கிழமை மறுபடி மழைங்கறாங்க.”

இலக்கியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் வந்ததும் வராததுமாக அவள் மற்ற பக்கங்களின் முக்கோணங்களுக்குள் தேடிப் பார்த்திருந்தாள். பத்தொன்பது இடங்களில் இதே மாதிரி எச்சரிக்கைகள். ஆடு மேய்க்கிறவர், மணல் லாரிக்காரர், கரையில் துணி துவைக்கிறவர் என்று யார் யாரோ சொன்னவை, மடித்து வைத்த புடவைபோலச் சத்தமில்லாமல் கிடந்தன.

“இப்பவே பண்ணிடறேன் சார்.”

“நாலு மணிக்குள்ள முழு பில்ட் போட்டுடு. விசாரணைக்கு அப்பத்தான் பக்கத்த எடுத்துக்கிறாங்க.”

ஓட்டமும் நடையுமாக இருக்கைக்கு வந்தாள். நாலு வரிகளையும் அழித்தாள். பில்ட் போடக் கை வைத்த சமயத்தில் வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. பக்கம் போடுகிறவர்களைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் துணிப்பை. கண் வீங்கியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

“நீங்கதான் பக்கம் போடுறவங்களா? நான் பவித்ரா. கொற்றனூர் லஸ்கர் வீரமணியோட வீட்டுக்காரி. அவர உள்ள வெச்சிருக்காங்க.”

இலக்கியா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவரு அன்னைக்குப் பக்கத்த ரெண்டு தடவ கேட்டாருங்க. புது எடம்னு பயம். காதுல போட்டா வெளங்கலன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் பக்கத்துலதான் அவரைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தேன். எனக்கும் காது இருக்குல்ல? மொத ஷட்டர் நல்ல நிலை. ரெண்டாவது, கிரீஸ் வைக்கணும். மூணாவது நல்ல நிலை, போன மாசம் அளந்தது. இப்புடித்தான் வந்துச்சு. நடுங்குதுன்னு ஒரு வார்த்த வரல. எங்க வேணா வந்து சொல்றேன்.”

“நான் என்ன செய்யணும்கா?”

“ஒண்ணும் வேணாம். அவரு கேட்ட மாதிரியே அந்த ஜட்ஜம்மாவும் ஒரு தடவ கேக்கணும். அது போதும்.”

படியேறும்போது இரண்டாவது மாடி வளைவில் இலக்கியாவின் கால் நின்றுவிட்டது. பில்ட் போட்டால் இயந்திரம் புதுப் பக்கங்களை மட்டும் மாற்றாது. நாற்பத்தோராயிரத்தையும் முதலிலிருந்து எழுதும், ஒன்றரை நிமிடத்தில். கொற்றனூர் பக்கமும் புது முகத்தோடு வரும். மலர்க்கொடி சொன்னது ஊரறிய விரிந்து நிற்கும், இருபத்திரண்டு நாளுக்கு முந்தைய தேதியோடு. பழைய முகம் எங்கேயும் மிஞ்சாது. ‘பக்கத்துல இருந்துச்சே, ஏன் தூக்குன?’ என்று கேட்டால் வீரமணி என்ன சொல்வார்? அவரைக்காய் நறுக்கிய மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடுவாரா?

நேராக ஜெபராஜின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

“சார், பில்ட் போட்டா கொற்றனூரும் மாறிடும்.”

“மாறட்டுமே. அதுல இருந்ததுதானம்மா?”

“இருந்துச்சு சார். கேக்கல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோப்புல ஒரு எழுத்து மாத்துறமா? இல்ல. தேதிய மாத்துறமா? இல்ல. நாளைக்கு யாரு கேட்டாலும் நான் பைபிள் மேல கை வெச்சுச் சொல்வேன், ஒண்ணையும் மாத்தலன்னு.”

“வீரமணி பத்து வருஷம் உள்ள இருப்பாரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சார்?”

“புதன்கிழமை மழை. நீ இன்னைக்கு பில்ட் போடலன்னா அந்தப் பத்தொம்பது எடத்துல எங்கயாவது இன்னொரு ஏழு பேரு. அவங்க வீட்டுக்கு நீ போய்ச் சொல்றியா? எனக்கு மட்டும் மனசு இல்லைன்னு நெனச்சியா?” அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “எல்லாரையும் காப்பாத்த முடியாதும்மா. போ, நேரமாவுது.”

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இலக்கியாவுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தாள். கடிகாரம் மூன்று பத்து. பக்கத்தைப் படம் எடுத்து வைத்தால்? முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம். பழைய டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால்? அதென்ன என்று கேட்பார்கள். சட்டத்துக்குத் தெரிந்தது பக்கம் மட்டும்தான்.

சரி, பக்கமே பேசட்டும்.

டெம்ப்ளேட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தான் இப்போது எந்தப் பக்கத்துக்காக வேலை செய்கிறோம் என்பது அதற்குத் தெரியும். இலக்கியா புதிதாக எழுதினாள்: மேற்கோள் எல்லாப் பக்கத்திலும் விரிந்தே வரட்டும். பக்கம் கொற்றனூராக இருந்தால் மட்டும், வியாழக்கிழமை இருந்தபடியே மடிந்திருக்கட்டும். அழித்த நாலு வரிகள் அந்த ஒரு பக்கத்துக்காகத் திரும்பி வந்தன.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாரியத்தின் வக்கீல் ஒன்றும் பால்குடி மறக்காத பிள்ளை இல்லை. முக்கோணத்தை அழுத்தி, ‘இதோ எச்சரிக்கை, இதுவும் பக்கத்தில்தானே இருக்கிறது’ என்பார். மடிப்புக்குள் இருப்பது பக்கத்தில் இருப்பதா இல்லாததா என்று சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. இலக்கியா கொற்றனூர் கோப்பைத் திறந்தாள். எந்த ஊழியரும் பெயரும் தேதியும் போட்டு வாக்குமூலம் சேர்க்கலாம். அளந்து சொன்னது அல்ல என்பதால் அதற்கும் கூர்முனைக் குறிதான். மலர்க்கொடியின் பேச்சுக்கு நேர்கீழே எழுதினாள்.

‘இலக்கியா, டெம்ப்ளேட் பிரிவு: மேலே உள்ள எச்சரிக்கையை மூன்று வருடம் முன்பு நான் எழுதிய டெம்ப்ளேட் மறைத்துவிட்டது. ரீடரில் கேட்ட யாருக்கும் இது கேட்டிருக்க வழியில்லை. தவறு லஸ்கர் வீரமணியுடையது அல்ல. என்னுடையது.’

வீரமணியைக் குற்றவாளியாக்க வேண்டுமென்றால் முக்கோணத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் இதையும் படித்தாக வேண்டும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு பில்ட் போட்டாள். ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரியாக நாலு மணிக்கு விசாரணை அலுவலகம் கொற்றனூர் பக்கத்தைத் தன் முத்திரையோடு எடுத்துக்கொண்டது. இனி அதை யாரும் தொட முடியாது.

புதன்கிழமை மழை கொட்டியது. வடக்கே ஒரு கதவணையில் லஸ்கர் ஒருவர் மாட்டுக்காரர் சொன்னதை ரீடரில் கேட்டுவிட்டு, ஐந்தாவது ஷட்டரைத் தொடாமல் மற்றதைத் திறந்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைச் செய்தியாக யார் போடுவார்கள்? இலக்கியா மட்டும் அந்தப் பக்கத்தை நாலைந்து தடவை படித்தாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கொற்றனூர் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் விசாரணை. ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் பவித்ரா. போலீஸ்காரர் பக்கத்தில் வீரமணி, இரண்டு வாரத் தாடியோடு, தரையைப் பார்த்தபடி. நீதிபதி மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பெரிய திரையில் கொற்றனூர் பக்கம். இலக்கியா ஜெபராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“லஸ்கர் கேட்டபடியே கேக்கலாம்” என்றார் நீதிபதி. ரீடரை ஸ்பீக்கரில் போட்டார்கள். பதினொரு நிமிடம். முதல் ஷட்டர் நல்ல நிலை. இரண்டாவது, கிரீஸ் வைக்க வேண்டும். மூன்றாவது நல்ல நிலை. பவித்ரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“வாரியத் தரப்புல இந்தப் பக்கத்துல வேற எதாவது காட்டணுமா?”

இதோ என்று இலக்கியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் எழுந்தார். “எதுவும் இல்லீங்க” என்று உட்கார்ந்தார்.

ஜெபராஜ் அவள் பக்கம் சாய்ந்தார். “அன்னைக்குச் சாயங்காலமே தெறந்து படிச்சுட்டேன்மா. வக்கீல்கிட்ட அந்த முக்கோணத்தத் தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். தொட்டா வாரியம் மாட்டும். தொடலன்னா பழைய சங்கிலி அறுந்த விபத்து, அவ்வளவுதான். வீரமணி பொழைச்சான், நீ பொழைச்ச, வாரியமும் பொழைச்சுது. நல்ல காரியம்தான் பண்ணிருக்க.”

நீதிபதி படித்தார்: லஸ்கருக்கு எச்சரிக்கை எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை, அவர் மேல் குற்றமில்லை. பவித்ரா ‘ஓ’வென்று அழுதுவிட்டாள். வீரமணி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். இலக்கியாவின் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கியதுதான் தாமதம், பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

“எச்சரிக்கை சொல்லலன்னு எப்புடிம்மா சொல்றீங்க? நான் சொன்னேனே!”

அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “இப்ப வந்து சொல்லுது பாரு.” “தெரிஞ்சிருந்தா எங்க பொண்ணுங்களப் போவாதீங்கன்னு சொல்லிருக்கலாம்ல?” ஒருத்தர் எழுந்தே நின்று கேட்டார்: “ஷட்டரு ஒடையும்னு தெரிஞ்சுதான் ஒன் மருமவளையும் நடவுக்கு அனுப்புனியா மலர்க்கொடி?”

ஏழு பேரில் ஒருத்தி அவருடைய மருமகள் என்பது இலக்கியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மலர்க்கொடி அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. “சொல்லிட்டமே, சரி பண்ணிருப்பாங்கன்னு நெனச்சுத்தான்யா அனுப்புனேன். இஞ்சினியரு தம்பி எழுதிக்கிட்டுப் போச்சே. என் கண்ணு முன்னால எழுதுச்சு.”

“பக்கத்துல இல்லம்மா” என்றார் நீதிபதி, கனிவாகத்தான். “இல்லாதது சொல்லாதது. சட்டம் அப்படி.”

மலர்க்கொடி நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அவர் இந்த ஊரில்தான் இனியும் வலை போட வேண்டும், கடைக்குப் போக வேண்டும், மகன் முகத்தில் விழிக்க வேண்டும்.

இலக்கியா எழுந்தாள். ஜெபராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “உக்காரும்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“அவங்களுக்கு முடியல சார்.”

கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.  பயமாகத்தான் இருந்தது. வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். கண்ணாடி போட்ட சான்றிதழை அம்மா கழற்றி எங்கே வைப்பாள் என்று ஒரு சம்பந்தமில்லாத யோசனை வந்தது.

“நீங்க யாரு?” என்றார் நீதிபதி.

“இந்தப் பக்கத்த மடிச்சவ” என்றாள்.

திரையின் ஓரத்தில், ஒரு மிளகு அளவுக்கு இருந்தது அந்த முக்கோணம். வெள்ளம் வரும்வரை, மூன்று வருடமாக அதை அழுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இலக்கியா அழுத்தினாள். ரீடர் ஒரு நொடி தயங்கிவிட்டு, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் படிக்கத் தொடங்கியது.

“மலர்க்கொடி, வலை போடுபவர். மூணாவது ஷட்டர முக்காலுக்கு மேல தூக்குனா நடுங்குது…”

 எழுந்து நின்று கேட்ட ஆள் மெல்ல உட்கார்ந்தார். மலர்க்கொடியின் உதடுகள் ரீடரோடு சேர்ந்து அசைந்தன, ஒரு வார்த்தை பிசகாமல்.

அடுத்ததாகத் தன் பெயர் வரும் என்று இலக்கியாவுக்குத் தெரியும். அவள் திரைக்குப் பக்கத்திலேயே, ஊரைப் பார்த்தபடி நின்றாள்.